உங்களுக்குத் தெரியுமா? மனப்பாடத்துக்கும் ‘ஹார்ட்’தான்!

பாடத்தை மனப்பாடம் செய்வதை ஆங்கிலத்தில் ‘லேர்ன் பை ஹார்ட்’ என்கிறார்கள். நினைவு மூளையின் வேலையாயிற்றே, இதயம் எங்கே வந்தது? புலனறிவுக்கு இருப்பிடம் இதயமே என்றார் அரிஸ்டாட்டில்; அந்த நம்பிக்கை நெடுங்காலம் நீடித்தது. பழைய பிரெஞ்சு வழக்கை ஒட்டி வந்த இந்தத் தொடரை 14-ஆம் நூற்றாண்டிலேயே கவிஞர் சாசர் கையாண்டிருக்கிறார்.

இலத்தீனில் இதயத்துக்குப் பெயர் ‘கோர்’. துணிவைக் குறிக்கும் ‘கரேஜ்’ அதன் வழிவந்தது. நாம் அன்றாடம் புழங்கும் ‘ரெக்கார்டு’ம் அப்படியே: மறுபடி நெஞ்சுக்குக் கொண்டுவருதல் என்பது அதன் வேர்ப்பொருள். எவ்வளவு அழகான பொருள்!

மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் காட்டுபவரைச் சட்டைக் கையில் இதயத்தை அணிந்தவர் என்பார்கள். ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’வில் இப்படிப் பேசுபவன் இயாகோ; உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசும் வஞ்சகன்!

‘ஹார்ட்பர்ன்’ பெயரில் மட்டுமே இதயம் உண்டு. இரைப்பை அமிலம் உணவுக்குழாயில் ஏறுவதால் வரும் நெஞ்செரிச்சல் அது. ஆனால் நெஞ்சில் அழுத்தம், கைவலி, வியர்வை எல்லாம் சேர்ந்து வந்தால் வெறும் எரிச்சல் என்று இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.