பாரிசவாதத் தடுப்பும் புனர்வாழ்வுச் சிகிச்சையாளர் பணியும்

மூளைக்குச் செல்லும் குருதியோட்டம் தடைப்படுவதாலேனும், மூளையிலுள்ள குருதிக் குழாய் வெடிப்பதாலேனும் உண்டாகும் நோயே பாரிசவாதமாகும். முன்னறிவிப்பின்றி வந்து ஒருவரை வீழ்த்துவதால், இதனை ஊழ்வினைப் பயனெனக் கொண்டு அமைந்துவிடுதல் முதியோர் பலரின் இயல்பு. ஆயின், 32 நாடுகளில் நிகழ்த்தப்பெற்று 2016 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று வேறு உண்மையைப் புலப்படுத்துகின்றது. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகைபிடித்தல், உடலுழைப்பின்மை முதலிய மாற்றத்தக்க பத்துக் காரணிகள், இந்நோயில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கிற்குப் பொறுப்பாகின்றன என்பதே அது. அவற்றுள் தலையாயது உயர் குருதியமுக்கமாகும்.

காரணம் அறியப்பட்டும் நோய் குறையாமை ஏன்? அறிந்தது அன்றாட வழக்கமாக மாறாமையே காரணம். இக்குறையை நீக்குதற்கு ஏற்ற நிலையிலிருப்போர் இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஆகியோராவர். வைத்தியர் சில நிமிடங்களே நோயாளியைக் காண்கிறார்; இவர்களோ வாரக்கணக்கில் அவருடன் பழகுகின்றனர். ஒருமுறை பாரிசவாதமுற்றவர்க்கு அது மீண்டும் வருதல் கூடும். அவர் அருகே அமர்ந்திருக்கும் மனைவியும் சகோதரரும் அதே உணவை உண்டு, அதே வயதை அடைந்தவர்கள். ஆகவே, ஒருவர்க்குச் சொல்லும் அறிவுரை ஒரு குடும்பத்துக்கே பயன்படுகின்றது.

அவ்வறிவுரை செயலோடு கூடியதாதல் வேண்டும். "உப்பைக் குறையுங்கள்" என்பது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் ஒருவர்க்கு ஒரு நாளைக்கு வகுத்த உப்பின் அளவு 5 கிராமிற்குக் குறைவானது. அஃதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் என்பவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும் என்பதைச் சமைப்பவர்க்கும் விளக்குதல் இன்றியமையாதது. வாரத்தில் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை முழங்கால் நோவுடையவர் சிறுசிறு நடைகளாகப் பிரித்துச் செய்யலாம். அவர்க்கு ஏற்றதை இயன்மருத்துவர் வகுத்துக் கொடுப்பர். குருதியமுக்கம் பெரும்பாலும் நோவு தருவதன்று. ஆதலின் உடல் நலமாயிருக்கிறதென்று மருந்தை நிறுத்திவிடுவோர் பலர். நாடோறும் தவறாத காலைத் தேநீரோடு மாத்திரையைச் சேர்த்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. பேச்சிழந்தவர்க்குப் படங்கள் துணைசெய்யும். கேட்டவரைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லச் செய்தலே அவர் விளங்கிக்கொண்டார் என்பதற்குச் சான்றாகும்.

இறுதியாக உணர்த்தற்பாலன அபாய அறிகுறிகள். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை சோர்ந்து வீழ்தல், பேச்சுக் குழறுதல் என்பன திடீரெனத் தோன்றின், அவை சில நிமிடங்களில் மறைந்தாலும் வைத்தியசாலை செல்லல் வேண்டும். தகுதியுடைய நோயாளர்க்குக் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துள் கொடுக்கப்படுவது. எண்ணெய் பூசிக் காத்திருப்பின் அந்நேரம் வீணே கழியும். விழுங்கும் ஆற்றலும் குன்றியிருக்கலாமாதலின், நீரோ உணவோ ஊட்டலாகாது. இலங்கையில் 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் நோயாளர் காவுவண்டி இலவசமாக வரும். வட மாகாணத்தில் இச்சேவை 2018 ஆம் ஆண்டில் தொடங்கிற்று.

ஊழை உடன்பட்ட நம் சான்றோரும் முயற்சியைக் கைவிடுமாறு கூறினாரல்லர். தளர்ந்த கையை நிமிர்த்தப் பயிற்றுவிப்போர், இன்னும் தளராத கைகளைக் காக்கவும் பயிற்றுவிப்பாராயின், அவர்தம் பணி முழுமை பெறும்.