வண்டிக் கொட்டகையில் குஞ்சு வளர்ப்பு: எந்த வெப்பம் ஏற்றது?

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் எல்லையை அடுத்து அமைந்துள்ளது சத்தியவேடு. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரை செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, எல்லைத் திருத்தத்தின் பயனாகச் சித்தூர் மாவட்டத்துடன் இணைந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. கோடையில் வெயில் கொளுத்தும் இப்பக்கத்தில் ஓர் அறையைச் சூடாக்குவது பற்றிப் பேசுவது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையிலும், மார்கழி, தை மாதங்களின் பனியிரவிலும், பிறந்து ஓரிரு நாளே ஆன கோழிக்குஞ்சுகள் பிழைப்பதும் மடிவதும் வெப்பத்தைப் பொறுத்தனவாகும்.

ஐதராபாதிலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா ஆகிய இனங்கள் புழக்கடை வளர்ப்புக்கு ஏற்றவை. இவற்றின் குஞ்சுகளை முதல் 5 அல்லது 6 வாரங்கள் அறைக்குள் பேணிய பின்னரே வெளியே மேயவிடுதல் முறை. வண்டியும் மாடும் நீங்கிய வீடுகளில் வெறுமையாகக் கிடக்கும் வண்டிக் கொட்டகையையே இதற்கான அறையாக மாற்றிக்கொள்ளலாம். அவ்வாறு மாற்றுவோர் முதலில் கேட்கும் வினா, வெப்பத்திற்கு எதைக் கொள்வது என்பதேயாகும்.

குஞ்சுக்கு வெப்பம் ஏன்?

பொரித்த குஞ்சின் உடலை மூடியிருப்பது மெல்லிய பூஞ்சிறகு மட்டுமே. தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உடனே வாய்ப்பதில்லை. தாய்க்கோழி தன் இறகுக்கடியில் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளை அணைத்து இக்குறையை நீக்குகிறது. குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் உள்ளபோது அப்பணியை மனிதன் ஏற்க வேண்டும். முதல் வாரத்தில் 35 டிகிரி சென்டிகிரேடு, அதாவது 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பநிலை தேவை. பின்னர் வாரந்தோறும் ஏறத்தாழ 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம்.

வெளியேறும் வெப்பம், உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே 20 டிகிரியாக உள்ள இரவில் முதல் வார வேறுபாடு 15 டிகிரி. ஐந்தாம் வாரத்தில் அது 3 டிகிரியே. ஆகவே ஐந்தாம் வாரத் தேவை முதல் வாரத் தேவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கோடைப் பகலிலோ செயற்கை வெப்பம் சிறிதும் வேண்டுவதில்லை. அதுவே தீங்காகவும் முடியும்.

முதலில் அறை, பின்னர் அடுப்பு

ஓட்டைப் பானையில் நீர் நிரப்புதல் வீண். கொட்டகையின் அகன்ற வாயிலைத் தட்டியாலும் சாக்குத் திரையாலும் மறைத்தல் வேண்டும். தகரக் கூரையாயின் அதன் கீழே ஓலை வேய்தல் நலம். சிமெண்டுத் தரையின் மீது நெல் உமியோ வேர்க்கடலைத் தோலோ 2 அங்குல உயரம் பரப்ப வேண்டும். ஆனால் அறையை முற்றிலும் அடைத்துவிடலாகாது. குஞ்சுகளின் மீது காற்று நேராக வீசாதவாறு, சுவரின் மேற்பகுதியில் காற்று சென்று வர வழி விடுதல் இன்றியமையாதது.

எரிபொருள் கணக்கு

10 அடி அகலமும் 12 அடி நீளமும் உள்ள கொட்டகையில் 200 குஞ்சுகள் எனக் கொள்வோம். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் வீதம் 400 வாட் வேண்டும். நாள் முழுதும் எரித்தால் 9.6 யூனிட் மின்சாரம் செலவாகும். ஒரு யூனிட் 860 கிலோ கலோரி வெப்பத்திற்குச் சமம். இதே அளவு வெப்பத்தைப் பெற முக்கால் கிலோ சமையல் எரிவாயுவோ, சுமார் 1.2 கிலோ மரக்கரியோ எரிக்க வேண்டும். அடுப்பின் வெப்பம் சிதறுவதால் நடைமுறையில் இதனினும் மிகுதியாகவே ஆகும். உள்ளூர் விலைகளைக் கொண்டு இவற்றைப் பெருக்கிப் பார்த்த பின்னரே எது மலிவு எனக் கூற வேண்டும்.

எனினும் விலை ஒன்றே அளவுகோல் அன்று. மூடிய அறையில் மரக்கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. இதற்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் இது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் சேர்ந்துகொள்கிறது. கரி புகையின்றிக் கனன்றாலும் இந்த அபாயம் நீங்குவதில்லை. குஞ்சுகளுக்குக் காவலாகக் கரியடுப்பு உள்ள அறையில் கதவைச் சாத்திப் படுப்பவர் விழித்தெழாமலே போகக்கூடும். களப்பணியாளர் இதனை வீடுதோறும் எடுத்துரைத்தல் கடமையாகும்.

எரிவாயு தூயதாக எரியினும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட நீராவியை வெளியிடுகிறது. காற்றோட்டம் குறைந்தால் கூளம் ஈரமாகி, அம்மோனியா நெடி மிகுந்து, இரத்தக் கழிச்சல் நோய்க்கு இடமுண்டாகும். ஆயிரக்கணக்கில் குஞ்சு வளர்க்கும் பெரிய, காற்றோட்டமுள்ள கூடங்களுக்கே எரிவாயு ஏற்றது.

மின்விளக்கு

சிறிய கொட்டகைக்கு மின்சாரமே சிறந்தது. மூன்றரை அடி விட்டமுள்ள தகரக் குடையின் உட்புறம் 100 வாட் குண்டு பல்புகள் நான்கினைப் பொருத்தினால் 200 குஞ்சுகளுக்குப் போதும். எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. அது சிறிதளவு மின்சாரத்தையே ஏற்பதால், அதனின்று கிடைக்கும் வெப்பமும் சிறிதே. குடையைக் கம்பிச் சங்கிலியில் தொங்கவிட வேண்டும். மின் கம்பியிலேயே தொங்கவிட்டால் அது அறுந்து கூளத்தில் விழுந்து தீப்பற்றக்கூடும்.

மழையிலும் புயலிலும் மின்சாரம் தடைப்படுவதுண்டு. வெப்பம் மிகவும் வேண்டியிருப்பதும் அந்த வேளையிலேதான். இதற்கு எளிய மாற்று வெந்நீர்க் குடமாகும். 10 லிட்டர் நீர் 80 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் குளிரும்போது 400 கிலோ கலோரி வெப்பத்தைத் தருகிறது. இது 400 வாட் விளக்குகள் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் தரும் வெப்பத்திற்கு ஈடாகும். நீரை வெளியே காய்ச்சி, குடத்தின் வாயை இறுக மூடி, சாக்கு சுற்றிக் குடையின் கீழ் வைத்தால் புகையும் இல்லை, தீயும் இல்லை. இரண்டு குடங்களை மாற்றி மாற்றி வைக்கலாம். பள்ளியில் உஷ்ணமானியும் ஒரு குடமும் கொண்டு ஆசிரியர்கள் இக்கணக்கை மாணவர்களுக்குச் செய்து காட்டலாம்.

குஞ்சுகள் கூறும் செய்தி

உஷ்ணமானி இல்லாத வீட்டில் குஞ்சுகளே உஷ்ணமானியாகும். விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் கத்தினால் குளிர் மிகுதி. அடியிலுள்ளவை மூச்சுத் திணறி இறக்கும். அலகைத் திறந்து, இறக்கை தளர்ந்து விலகி நின்றால் வெப்பம் மிகுதி. ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்புறம் காற்று வீசுகிறது என்பது பொருள். பரவலாக மேய்ந்தும் உறங்கியும் இருப்பின் வெப்பம் பொருத்தமாக உள்ளது எனத் துணியலாம். குஞ்சு வந்த முதல் இரவில் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் ஒருமுறை எழுந்து பார்ப்பவர் வீட்டில் இழப்பு குறைவாகவே இருக்கும்.