கோடரிக்குத் தப்பும் மரம், புல்வெட்டிக்குத் தப்புமா?

புது தில்லி: தலைநகரில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட மரங்களை வெட்டுவதற்கான அனுமதியை மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழுவும் ஏற்றாக வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஆணையிட்டது. கோடரிக்கு இவ்வாறு கடிவாளம் உண்டு. புல்வெட்டி இயந்திரத்துக்கு யார் கடிவாளமிடுவது?

நடைபாதை மரங்களின் அடிவரை சிமென்ட் பூசுவது தில்லியின் நெடுநாள் வழக்கம். களை முளைக்காது, பெருக்குவதும் எளிது. ஆனால், வேருக்கு நீரும் காற்றும் கிட்டாமல் மரம் வலுவிழக்கிறது. எனவே, அடிமரத்திலிருந்து ஒரு மீட்டர் வரையுள்ள கான்கிரீட்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது.

சிக்கல் அதன்பிறகே தொடங்குகிறது. திறந்துவிட்ட மண்ணில் பருவமழை பெய்ததும் புல் மண்டுகிறது. அதை அப்படியே விட இயலாது; கன்றுக்குரிய நீரையும் சத்தையும் புல்லின் வேர்கள் பறித்துக்கொள்ளும். அதை வெட்ட நைலான் இழை சுழலும் இயந்திரத்தைக் கொண்டுவந்தால், புல்லோடு பட்டையும் கிழிகிறது.

இலைகள் தயாரிக்கும் உணவை வேருக்குக் கொண்டுசெல்லும் திசு, பட்டையின் உட்புறத்தில்தான் உள்ளது. முதிர்ந்த புளியின் தடித்த பட்டை சில அடிகளைத் தாங்கும், இளங்கன்று தாங்காது. காயம் தண்டைச் சுற்றி வளையமாகிவிட்டால், வேர் பட்டினியால் வாடி மரம் மெல்லச் சாகும்.

சட்டம் இதை அறியாததல்ல. 1994-ஆம் ஆண்டின் தில்லி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 'மரம் வெட்டுதல்' என்பதற்குத் தரும் விளக்கத்தில், பட்டையை வளையமாக நீக்குவதும், நஞ்சிடுவதும், வேறெவ்வகையில் சேதம் விளைவிப்பதும் அடங்கும். மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறை என்றும் அச்சட்டம் வகுத்தது. ஆனால், புல் வெட்டும் கூலித் தொழிலாளியைத் தண்டிப்பது தீர்வாகாது. அடிமரத்தை இயந்திரம் நெருங்கக் கூடாது என்ற நிபந்தனை, பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும்.

களைக்கொல்லியும் மாற்று வழியல்ல. கிளைபோசேட் மருந்து இளங்கன்றின் பசும்பட்டை வழியாகவும் உட்புகக்கூடியது. பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே அதைத் தெளிக்கலாம் என மத்திய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்பாடு விதித்தது.

எளிய தீர்வு தெருவிலேயே உதிர்ந்து கிடக்கிறது. இலைச்சருகு, குப்பை ஆகியவற்றைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய் செலுத்த வேண்டும் எனப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் அறிவித்தது. எரிக்கக் கூடாத அந்தச் சருகை, மரத்தைச் சுற்றி 5 முதல் 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்பினால் களை அடங்கும், ஈரமும் நிற்கும். பட்டை அழுகாதிருக்க, தண்டையொட்டி நான்கு விரற்கடை இடைவெளி விட வேண்டும். மீறி முளைப்பதைக் கையால் பிடுங்கிவிடலாம்.

சிமென்ட்டை அகற்ற ஒரு தீர்ப்பாயம் தேவைப்பட்டது. அங்கே சருகைப் பரப்பவும் இன்னொரு வழக்கு வேண்டுமா என்பதை மாநகராட்சிகளே முடிவு செய்யட்டும்.