சம்பளம் இல்லை, சாப்பாடு இல்லை, இறங்கவும் முடியாது... கைவிடப்படும் கப்பல்களில் சிக்கும் மாலுமிகளுக்குச் சட்டம் என்ன தருகிறது?

2012 அக்டோபர் 31. நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த நாள். சென்னைக்கு வெளியே கடலில் நின்றிருந்த 'பிரதீபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பலின் நங்கூரம் காற்றுக்குத் தாங்கவில்லை. இழுத்துவரப்பட்ட கப்பல் பெசன்ட் நகர் கடற்கரை அருகே தரைதட்டியது. உயிர்காக்கும் படகில் இறங்கியவர்கள் 22 பேர். படகு கவிழ்ந்தது. உள்ளூர் மீனவர்கள் பாய்ந்து சென்று பலரைக் காப்பாற்றினார்கள். ஆனாலும் ஆறு பேர் இறந்துபோனார்கள். கப்பலிலேயே இருந்த 15 பேரை மறுநாள் கடலோரக் காவல்படை மீட்டது.

கரையோரம் நின்ற அந்தப் பெரிய கப்பலைப் பார்க்க, குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஆனால், உயிர் பிழைத்த மாலுமிகள் அப்போது சொன்ன விஷயங்களைப் பலரும் மறந்திருப்பார்கள். மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை, சாப்பாட்டுக்கும் குடிதண்ணீருக்கும் தட்டுப்பாடு என்பதுதான் அவர்கள் சொன்னது. புயல் வந்தது ஒருநாள்தான். கப்பலில் பிரச்னை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

'பிடிக்கலைன்னா இறங்கி வந்துட வேண்டியதுதானே?'

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நிலத்தில் இருக்கும் வேலையை உதறிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். கப்பலில் அது நடக்காது. ஆளில்லாத கப்பல் துறைமுகத்துக்கே ஆபத்து என்பதால், குறைந்தபட்ச ஆட்கள் இல்லாமல் அதை விட்டுவைக்க அதிகாரிகள் சம்மதிப்பதில்லை. வெளிநாட்டுத் துறைமுகம் என்றால், விசா இல்லாமல் கரையில் கால் வைக்க முடியாது. இறங்கிவிட்டால் பாக்கிச் சம்பளம் கைக்கு வராது என்ற பயம் வேறு.

இதன் உச்சம் எகிப்தில் நடந்தது. சான்றிதழ்கள் காலாவதியானதால் 2017 ஜூலையில் சூயஸ் அருகே 'அமன்' என்ற சரக்குக் கப்பல் தடுத்துவைக்கப்பட்டது. சிரியாவைச் சேர்ந்த அதன் தலைமை அதிகாரியை, கப்பலின் சட்டபூர்வப் பாதுகாவலராக உள்ளூர் நீதிமன்றம் அறிவித்தது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்! மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குப் போக, கடைசியில் மின்சாரம்கூட இல்லாத கப்பலில் அவர் மட்டும் தனியாக இருந்தார். புயலில் கப்பல் கரைப் பக்கம் ஒதுங்கிய பிறகு, போனுக்கு சார்ஜ் போடவும் சாப்பாடு வாங்கவும் நீந்திக் கரைக்குப் போய்வந்தார். இடையில் அவருடைய அம்மா இறந்துபோனார். 2021 ஏப்ரலில்தான் அவரால் ஊர் திரும்ப முடிந்தது.

இது ஏதோ ஓரிடத்தில் நடந்த விபரீதம் இல்லை. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2024-ல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் கைவிடப்பட்டார்கள். நாட்டுவாரியாகப் பார்த்தால், அதில் முதலிடம் இந்தியர்களுக்கு!

சுவரில் ஒட்டவேண்டிய சான்றிதழ்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006-ல் கொண்டுவந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2013-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-ல் இதை ஏற்றுக்கொண்டது. மாதத்துக்கு ஒருமுறையாவது சம்பளம், 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஒப்பந்தம் முடிந்தால் கம்பெனி செலவில் ஊர் திரும்புதல் என்று பல விதிகள் அதில் இருக்கின்றன. இவற்றை எழுதிவைப்பது சுலபம். முதலாளி காணாமல்போனால் யார் காசு தருவது?

அதற்குத்தான் 2017 ஜனவரியில் ஒரு திருத்தம் அமலுக்கு வந்தது. ஊர் திரும்பச் செலவு தராவிட்டாலோ, சாப்பாடு, தண்ணீர் இல்லாமல் விட்டாலோ, இரண்டு மாதமாவது சம்பளம் தராமல் தொடர்பை முறித்துக்கொண்டாலோ, அது 'கைவிடுதல்'. அப்படி நடந்தால் செலவை ஏற்க, கம்பெனி முன்கூட்டியே காப்பீடு எடுத்துவைத்திருக்க வேண்டும். அதற்கான சான்றிதழ், மாலுமிகள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சாப்பாடு, தண்ணீர், மருத்துவம், விமான டிக்கெட் எல்லாம் இதில் அடங்கும். பாக்கிச் சம்பளமும் உண்டு. ஆனால், அதிகபட்சம் நான்கு மாதங்களுக்குத்தான்.

இந்த நான்கு மாதக் கணக்கைக் குடும்பங்கள் தெரிந்துகொள்வது முக்கியம். 'அடுத்த துறைமுகத்துல மொத்தமா செட்டில் பண்ணிடுவாங்க' என்ற பேச்சை நம்பி பத்து மாதம் பொறுத்திருப்பவர், ஆறு மாதச் சம்பளத்துக்குக் கோர்ட் வாசலில்தான் நிற்க வேண்டும்.

கைதாகும் கப்பல்

அந்தக் கோர்ட் வழியும் மோசமில்லை. கடல் சட்டத்தில் ஒரு விநோதம் உண்டு. முதலாளி எந்த நாட்டில் இருந்தாலும் பரவாயில்லை, கப்பல் மீதே வழக்குப் போட்டு அதையே 'கைது' செய்ய வைக்கலாம். 2017-ல் இயற்றப்பட்ட இந்தியக் கடல்சார் வழக்குச் சட்டம், சென்னை உள்ளிட்ட கடலோர மாநில உயர் நீதிமன்றங்களுக்கு இந்த அதிகாரத்தைத் தந்திருக்கிறது. மாலுமிகளின் சம்பளத்துக்காகக் கப்பல் மீது இருக்கும் உரிமை, இந்தச் சட்டத்தின் வரிசையில் முதலில் நிற்கிறது. கப்பல் கை மாறினாலும் அது போகாது. ஆனால், சம்பளம் சேரவேண்டிய தேதியிலிருந்து இரண்டு வருடங்களுக்குள் கப்பலைக் கைது செய்ய வைத்தாக வேண்டும்.

துருப்பிடித்த பழைய கப்பல் என்றால் ஏலத்தில் பெரிதாக ஒன்றும் தேறாது என்பது வேறு கதை.

ஏறும் முன்பே கேளுங்கள்

சிக்கல் பெரும்பாலும் ஏஜென்ட்டிடமே ஆரம்பித்துவிடுகிறது. இந்தியாவில் மாலுமிகளை வேலைக்கு அனுப்ப, மும்பையில் இருக்கும் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். அந்தப் பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. வேலை வாங்கித்தரக் கட்டணம் வாங்கவே கூடாது என்பது விதி. பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு மட்டுமே மாலுமியுடையது. லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட், கப்பலைப் பற்றி எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் சந்தேகப்படுவதே நல்லது.

கப்பல் முதலாளியோ அவருடைய பிரதிநிதியோ கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தத்தைக் கையில் வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்கவும், வேறொருவரிடம் காட்டி ஆலோசனை கேட்கவும் மாலுமிக்கு உரிமை உண்டு. கப்பலின் ஐ.எம்.ஓ எண்ணையும் கேட்டு வாங்குங்கள். கைவிடப்பட்ட கப்பல்களின் பட்டியலைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் அந்தக் கப்பல் இருக்கிறதா என்று வீட்டில் இருந்தபடியே பார்த்துவிடலாம்.

கப்பலில் ஏறிய முதல் நாளே அந்தக் காப்பீட்டுச் சான்றிதழைப் போனில் படம்பிடித்து வீட்டு வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுவது நல்லது. காப்பீடு தந்த நிறுவனத்தின் பெயர், உதவி கேட்கத் தொடர்புகொள்ள வேண்டியவர் விவரம், காப்பீடு முடியும் தேதி எல்லாம் அதில் இருக்கும். கப்பலில் சிக்னல் இல்லாமல்போனாலும், இரண்டு மாதமாகச் சம்பளம் வராதது முதலில் தெரிவது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான்.