30 வருஷம் 'நம்பர் 2': அமெரிக்க கல்லூரி கூடைப்பந்தில் உதவிப் பயிற்சியாளரின் வாழ்க்கை எப்படி?

அமெரிக்காவில் மார்ச் மாதம் பிறந்தால் கல்லூரி கூடைப்பந்து பற்றித்தான் பேச்சு. 68 அணிகள் மோதும் தேசியத் தொடர் அது. ஒரு மேட்ச் தோற்றாலும் வெளியே போக வேண்டியதுதான். டிவி கேமரா எப்போதும் தலைமைப் பயிற்சியாளரையே சுற்றி வரும். அவருக்குப் பக்கத்து நாற்காலிகளில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்களை யாரும் கவனிப்பதில்லை. அவர்கள்தான் உதவிப் பயிற்சியாளர்கள்.

அவர்கள் வேலை என்ன? சம்பளம் எப்படி? தலைமைப் பொறுப்பு எப்போது கிடைக்கும்? பார்க்கலாம்.

என்ன வேலை செய்வார்கள்?

முதல் வேலை, ஆள் பிடிப்பது. பள்ளி அளவில் நன்றாக ஆடும் பசங்களைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டும். ஆட்டத்தைப் பார்த்து, பையனிடம் பேசி, அம்மா அப்பாவிடம் பேசி, 'எங்க காலேஜுக்கு வாங்க' என்று நம்பிக்கை கொடுக்க வேண்டும். இது ஒரு நாளில் முடியாது, சில நேரம் வருஷக்கணக்கில் இழுக்கும்.

இரண்டாவது, எதிரணியைப் படிப்பது. அடுத்த மேட்ச் யாருடன் என்று தெரிந்ததும், அவர்களின் பழைய ஆட்டங்களை வீடியோவில் மணிக்கணக்கில் பார்த்து, யார் எந்தப் பக்கம் திரும்புவார், எங்கே தடுமாறுவார் என்று குறிப்பு எடுக்க வேண்டும். பல அணிகளில் ஒவ்வொரு எதிரணியையும் ஒவ்வொரு உதவியாளரிடம் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

இதுபோக வீரர்களுக்குத் தனிப் பயிற்சி, படிப்பு ஒழுங்காகப் போகிறதா என்று கவனிப்பது, வீட்டு ஞாபகத்தில் வாடும் பையனைத் தேற்றுவது எல்லாம் இவர்கள் தலையில்தான்.

இந்த வேலைக்கு எப்படி வருவது?

பெரும்பாலும் அடிமட்டத்திலிருந்துதான். பலர் முதுகலை படித்துக்கொண்டே அணிக்கு எடுபிடி வேலை பார்ப்பார்கள். பிறகு வீடியோ பிரிவு, அப்புறம் உதவிப் பயிற்சியாளர். கோன்சாகா பல்கலைக்கழகத்தின் மார்க் ஃப்யூ 1989-ல் இப்படி மாணவ உதவியாளராகத்தான் நுழைந்தார். 1999-ல் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

உச்சப் பிரிவான டிவிஷன் 1-ல் ஆண்கள் அணிகள் மட்டும் 350-க்கும் மேல். அணிக்கு ஒரே ஒரு தலைமைப் பயிற்சியாளர். உதவியாளர்களோ, 2023-ல் வந்த விதிப்படி, 5 பேர் வரை. கணக்கு இங்கேயே புரிந்துவிடும். எல்லோருக்கும் மேலே இடம் கிடையாது.

16 ஆயிரம் டாலர் விவகாரம் தெரியுமா?

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு, செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி ஒரு விதி கொண்டுவந்தது. 1992-ல் அது அமலானது. அதன்படி கூடைப்பந்து அணியில் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர், உதவியாளர்கள் இருவர், நான்காவதாக 'வருமானம் கட்டுப்படுத்தப்பட்ட பயிற்சியாளர்' ஒருவர். அந்த நான்காவது ஆளுக்கு கல்வியாண்டுக்கு 12 ஆயிரம் டாலர், கோடைக்காலத்துக்கு 4 ஆயிரம் டாலர். மொத்தம் வருஷத்துக்கு 16 ஆயிரம்தான். மாதத்துக்குப் பார்த்தால் 1,300 டாலர் சொச்சம்.

'புதுசா வர்றவங்களுக்கான பதவி இது' என்பது என்சிஏஏ சொன்ன காரணங்களில் ஒன்று. ஆனால் அனுபவசாலிகளும் இந்தப் பதவியில் உட்கார வேண்டியிருந்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 'கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு உச்சவரம்பு போடுவது போட்டிச் சட்டத்துக்கு விரோதம்' என்பது அவர்கள் வாதம். 1995-ல் கான்சாஸ் ஃபெடரல் நீதிமன்றம் அதை ஏற்றது. 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. கடைசியில் 1999-ல் கூடைப்பந்து உட்பட பல விளையாட்டுகளின் பயிற்சியாளர்களுக்குச் சேர்த்து 5.45 கோடி டாலர் கொடுக்க என்சிஏஏ ஒப்புக்கொண்டது.

தலைமைப் பதவிக்கு எத்தனை வருஷம்?

இதற்கு விதி எதுவும் இல்லை. மூன்று பேரின் கதையைப் பாருங்கள்.

பில் கத்ரிட்ஜ்: 1967-ல் வட கரோலினாவில் டீன் ஸ்மித்துக்கு உதவியாளராகச் சேர்ந்தார். மைக்கேல் ஜோர்டான் முதலாண்டு மாணவராக ஆடி 1982-ல் பட்டம் வென்றபோதும் இவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். 30 சீசன் கழித்து, 1997-ல் ஸ்மித் ஓய்வு பெற்ற பிறகே வாய்ப்பு வந்தது. அப்போது வயது 60. முதல் சீசனிலேயே 34 வெற்றி, 4 தோல்வி. மூன்றே சீசனில் இரண்டு முறை அணியை 'ஃபைனல் ஃபோர்' எனப்படும் அரையிறுதிக்குக் கொண்டுபோய்விட்டு 2000-ல் ஓய்வு பெற்றார்.

டாமி லாய்ட்: மார்க் ஃப்யூவிடம் சுமார் 20 வருஷம் உதவியாளர். வெளிநாட்டு வீரர்களைக் கொண்டுவருவதில் கில்லாடி. ஜப்பானின் ருயி ஹச்சிமுரா, லிதுவேனியாவின் டொமான்டாஸ் சபோனிஸ் எல்லாம் கோன்சாகாவுக்கு வந்ததில் இவர் பங்கு பெரியது. 2021-ல் 46 வயதில் அரிசோனாவின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். முதல் சீசனில் 33 வெற்றி, கூடவே ஏபி செய்தி நிறுவனத்தின் 'ஆண்டின் சிறந்த பயிற்சியாளர்' விருது.

கிறிஸ் டெய்லி: கனெக்டிகட் பெண்கள் அணியில் 1985 முதல் ஜீனோ ஆரியெம்மாவுக்கு வலதுகரம். 2025 வரை 12 தேசியப் பட்டங்கள். தலைமைப் பதவி தேடி இவர் வேறு எங்கும் போகவில்லை. உதவிப் பொறுப்பில் இருந்தபடியே 2018-ல் பெண்கள் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார்.

ஆபத்து எங்கே?

முதல் ஆபத்து, வேலை தன் கையில் இல்லை. தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால், புதிதாக வருபவர் பெரும்பாலும் தன் ஆட்களைக் கூட்டி வருவார். பழைய உதவியாளர் எவ்வளவு நல்லா வேலை செய்திருந்தாலும் குடும்பத்தோடு அடுத்த ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இரண்டாவது, பணத்தின் வலை. வீரர்களின் குடும்பத்தோடு நெருக்கமாகப் பழகுவது இவர்கள்தான் என்பதால், ஏஜென்டுகள் முதலில் தேடி வருவதும் இவர்களைத்தான். 2017 செப்டம்பரில் எஃப்பிஐ அதிரடியில் வெவ்வேறு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 4 உதவிப் பயிற்சியாளர்கள் கைதானார்கள். வீரர்களைக் குறிப்பிட்ட ஏஜென்டுகள் பக்கம் திருப்பிவிட லஞ்சம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. நால்வருமே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இருவருக்குத் தலா 3 மாதம் சிறை. ஆனால் அந்த வழக்கில் எந்தத் தலைமைப் பயிற்சியாளர் மீதும் கிரிமினல் குற்றச்சாட்டு பதிவாகவில்லை.

அப்படியானால் ஏன் இந்த வேலை?

ஒரு வீரரை 16, 17 வயதில் கண்டுபிடித்து, அவர் பெரிய ஆளாக வளர்வதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். பல தலைமைப் பயிற்சியாளர்கள் தொழில் கற்றதும் இந்த நாற்காலியில்தான். ஆனால் இதில் நுழைய நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். திறமை மட்டும் போதாது, யாரிடம் உதவியாளராகச் சேர்கிறோம் என்பதே பாதி வாழ்க்கையைத் தீர்மானித்துவிடும். கத்ரிட்ஜ், லாய்ட், டெய்லி மூவருக்குமே பல வருஷம் பதவியில் நிலைத்து நின்ற ஒரு தலைவர் கிடைத்தார். அது கிடைக்காத உதவியாளர்கள்தான் அதிகம்.