பயந்த மீனுக்கு நோய் சீக்கிரம் ஒட்டுமாமே... தெரியுமா?

ஆண்டிபட்டி பக்கம் வைகை அணை மீனை ருசிக்காதவர் உண்டா? 1959-ல் திறந்த அணை. 71 அடி வரை தண்ணீர் தேங்கும். கட்லா, ரோகு, மிருகால், ஜிலேபி என்று குழம்புக்கு வகைவகையாய்க் கிடைக்கும். ஆனால், கிருமியோடு மோதும் மீனின் வெள்ளணுக்களுக்கு நரம்பே உத்தரவு போடுகிறது என்பது தெரியுமா?

● நமக்கு ரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. மீனுக்கோ 'தலைச் சிறுநீரகத்தில்'! மீன் கழுவும்போது முதுகெலும்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்புப் பட்டையைக் கவனியுங்கள். அதில் தலையை ஒட்டிய முன்பகுதிதான் தலைச் சிறுநீரகம்!

● மீன் மிரண்டால் சுரக்கும் அட்ரினலின், கார்ட்டிசால் இரண்டும் எங்கிருந்து வருகின்றன? அதே தலைச் சிறுநீரகத்திலிருந்து! படை முகாமும் அபாயச் சங்கும் ஒரே கட்டடத்தில்!

● விராலின் சொந்தக்கார மீனான குரவையின் மண்ணீரலில் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் உண்டு. அட்ரினலின் பட்டதும் அவற்றின் வேகம் குறைந்துவிடுகிறது! டெல்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட சேதி இது.

● மண்ணீரலுக்குள் நரம்பும் ஓடுகிறது! கோஹோ சால்மன் மீனில் அந்த நரம்பை மருந்து கொடுத்துச் செயலிழக்கச் செய்தபோது, எதிர்ப்புப் புரதம் சுரக்கும் செல்கள் கூடின. இது 1989-லேயே தெரிந்துவிட்டது!

● எல்லா நரம்புச் சேதியும் முட்டுக்கட்டை அல்ல. நீலகிரி அவலாஞ்சியில் வளர்க்கிறார்களே டிரவுட், அந்த இனத்தில், நரம்புச் சேதி சுமக்கும் அசிட்டைல்கோலின் போலவே வேலை செய்யும் பொருள் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டியது!

● சேதி ஒருவழிப் பாதையும் அல்ல! வெள்ளணுக்கள் வெளியிடும் இன்டர்லூக்கின்-1 மூளையை உசுப்ப, கார்ட்டிசால் ஏறுகிறது. நோய் வந்தது மூளைக்கும் தெரிந்துவிடும்!

● கார்ட்டிசால் நாள்கணக்கில் இறங்காமல் நின்றால் வெள்ளணுக்கள் குறையும். எங்கும் கிடக்கும் சாதாரண பாக்டீரியாகூடப் புண்ணாக்கிவிடும். நெருக்கி அடைப்பது, அடிக்கடி வலை போடுவது, அழுக்குத் தண்ணீர் எல்லாமே மீனுக்கு மிரட்டல்தான்!

மீன்குஞ்சு வாங்கிக் குளத்தில் விடுகிறீர்களா? ஆக்சிஜன் பையை வந்ததும் அவிழ்த்துக் கொட்டாதீர்கள். கொஞ்ச நேரம் குளத்து நீரில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் மெல்லத் திறந்துவிடுங்கள். மிரளாத குஞ்சுக்கு நோயை எதிர்க்கும் தெம்பு மிஞ்சும். மருந்துச் செலவும் குறையும்!