கீழாநெல்லியும் கல்லீரலும்

கோவை, ஈரோடு வட்டாரங்களில் மழை பெய்து ஓய்ந்ததும் வாய்க்கால் வரப்பெங்கும் தானாக முளைக்கும் கீழாநெல்லிக்கும் மனிதரின் கல்லீரலுக்கும் என்ன உறவு? இலை ஈர்க்கின் அடியில் கடுகளவுப் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும் இச்செடியை வேரோடு பிடுங்கி, மை போல அரைத்து, மோரில் கலக்கி மஞ்சள் காமாலைக்குக் கொடுப்பது கொங்கு நாட்டில் நெடுங்கால வழக்கம்.

இதன் இலையில் ஃபில்லாந்தின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. கல்லீரலைச் சிதைக்கும் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சு, உடலுக்குள் உடையும்போது தனியுறுப்புகள் எனப்படும் நிலையற்ற துகள்களாக மாறிச் செல்களின் மேலுறையை அரிக்கிறது; அந்த அரிப்பிலிருந்து எலியின் கல்லீரல் செல்களை ஃபில்லாந்தின் காத்ததை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன.

மனிதரிடத்தில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துச் சென்னை ஆய்வாளர்கள் கண்ட நல்ல பலன், 1988இல் புகழ்பெற்ற லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிட்டவில்லை. காமாலைக்குக் கிருமி, பித்தக்கல், மது எனக் காரணங்கள் பல இருப்பதால், கண் மஞ்சளாகத் தெரிந்தவுடனே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது மிக அவசியம்.